அந்தப் பெட்டியில் இருந்த இறகு

போன மாதம் அத்தான் ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நேட்டிவ் சிகரெட். ஒன்லைனில் எடுத்தது, ரெண்டு கார்ட்டன். ஒரிஜினலோ எண்டு ஒருக்கால் பாரும்" என்றார். நேட்டிவ் சிகரெட் என்றால் கனடாவின் பூர்வகுடி மக்கள் செய்யும் சிகரெட். அத்தான் இருபத்தைந்து வருடமாகப் புகைப்பவர். இந்த முறை தொண்டையை அறுக்கிறதாம். எங்கள் ஸ்கார்பரோத் தமிழ் வாட்சப் குழு ஒன்றில் யாரோ போட்ட இணைப்பில் வாங்கியிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிவப்பும் தங்க நிறமுமாக ஒரு பெட்டி, நடுவில் கழுகு இறகு. எச்சரிக்கைப் படம் இல்லை, வரி முத்திரையும் இல்லை. கனடாவில் 2020 பெப்ரவரியிலிருந்து சட்டப்படி கடையில் விற்கும் எல்லாச் சிகரெட் பெட்டியும் ஒரே மங்கலான பழுப்பு நிறம்தான். அப்புறம் 2023 ஓகஸ்டில் வந்த விதி ஒவ்வொரு சிகரெட்டின் தாளிலும் எச்சரிக்கை வரியைக் கட்டாயமாக்கியது. பூர்வகுடி நிறுவனமாக இருந்தாலும் உரிமம் பெற்றது என்றால் அதற்கும் இதே விதிதான். ஆகவே அந்த வண்ணப் பெட்டி சட்டப்படி சந்தைக்கு வந்ததல்ல என்பது பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

சரி, முத்திரை இருந்திருந்தால்? ஒன்ராறியோவில் மஞ்சள் முத்திரை என்றால் மத்திய வரி, மாகாண வரி இரண்டும் கட்டியாயிற்று. பீச் பழ நிற முத்திரை என்றால் மத்திய வரி மட்டும். அது ரிசர்வில், அதாவது பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கிய நிலத்தில், அவர்களுக்கு மாகாண வரிவிலக்கோடு விற்பதற்கானது. மாகாண வரி ஒரு சிகரெட்டுக்கு 18.475 சதம், அதாவது 200 சிகரெட் கொண்ட கார்ட்டனுக்கு 36.95 டொலர். விலை மலிவாக இருப்பதன் பெரிய காரணம் இதுதான். அந்த விலக்கு அவர்களுடைய உரிமை. நானோ அத்தானோ அந்தச் சிகரெட்டைக் கையில் வைத்திருந்தாலே குற்றம்.

ஆனால் அத்தானின் கேள்விக்கு முத்திரை பதில் சொல்லாது. வரி கட்டியதைத்தான் அது காட்டும், செய்தவர் யார் என்பதை அல்ல. ஒன்ராறியோவின் ஒஸ்வீக்கனில் சிக்ஸ் நேஷன்ஸ் ரிசர்வில் இருக்கும் கிராண்ட் ரிவர் எண்டர்பிரைசஸ் மத்திய அரசின் உரிமம் பெற்ற பூர்வகுடி நிறுவனம். செனெக்கா அவர்களுடைய பிராண்ட். உரிமம் வாங்காமல் ரிசர்வுகளில் நடக்கும் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. 200 சிகரெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பார்கள். அதுவும் பூர்வகுடிக் கை செய்ததுதான். கியூபெக்கின் கானவாகே ரிசர்வைச் சேர்ந்த மோஹோக் மக்கள் இருவரின் புகையிலை வழக்கில், தங்கள் பொருளாதாரத்தைத் தாங்களே நடத்துவது தங்கள் உரிமை என்ற வாதத்தை 2023 நவம்பரில் கியூபெக் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஏற்றுக்கொண்டார். அந்த வாதத்தில் நான் அவர்கள் பக்கம்.

என் கோபம் முகவரியே இல்லாத அந்தத் தளங்களோடு. ஊர்ப் பெயர் இல்லை, எந்தச் சமூகம் என்று இல்லை. ஒரு இறகு, ஒரு பூர்வகுடித் தலைவரின் முகம், ஈ-டிரான்ஸ்பரில் காசு அனுப்ப ஒரு மின்னஞ்சல். அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: மத்திய புகையிலைச் சட்டம் நுகர்வோருக்குத் தபாலில் சிகரெட் விற்பதையே தடை செய்கிறது. ஏமாந்தால் போய் முறையிட இடமில்லை. அத்தானுக்கும் அதே நிலைதான். அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை.

இறகைப் போட்டு விற்பது புதிதும் அல்ல. அமெரிக்காவில் நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட் என்ற சிகரெட்டின் பெட்டியில் இறகுத் தலையணி அணிந்த ஒருவர் புகைபிடிப்பார். பூர்வகுடியினரின் தயாரிப்பு என்றே பலர் நம்பினார்கள். 2002 முதல் அது ரெனால்ட்ஸ் என்ற பெரும் புகையிலை நிறுவனத்தின் சொத்து. "இயற்கையானது", "கலப்பில்லாதது" என்று விளம்பரம் செய்ததற்காக 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அத்தானும் அதையேதான் சொன்னார்: "நேட்டிவ் எண்டால் கெமிக்கல் குறைவுதானே?" இல்லை அத்தான். எரிகிற எந்தப் புகையிலையும் அதே தாரைத்தான் நுரையீரலில் விடும்.

அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களுக்குப் புகையிலை நான்கு புனித மூலிகைகளில் ஒன்று. மற்றவை சீடர், சேஜ், இனிப்புப்புல். ஒரு பெரியவரிடம் அறிவுரை கேட்கப் போகும்போது காணிக்கையாகக் கொடுப்பார்கள். அந்த மரியாதையைத்தான் இந்தத் தளங்கள் காசாக்குகின்றன.

"நேட்டிவ்காரர்தானே கள்ளக்கடத்தல்" என்று நம் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கனடா-அமெரிக்க எல்லையில் இருக்கும் அக்வசாஸ்னே என்ற மோஹோக் ஊர் வழியாகக் கள்ளமாக, வெள்ளமாகத் திரும்பி வந்தவை கனடாவின் பெரிய நிறுவனங்களே தயாரித்து, அமெரிக்காவுக்கு ஏற்றுமதி என்று கணக்குக் காட்டிய சிகரெட்டுகள். இம்பீரியல் டொபாக்கோவும் ரோத்மன்ஸ் பென்சன் அண்ட் ஹெட்ஜஸும் 2008இல் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அபராதமும் இழப்பீடுமாக நூறு கோடி டொலருக்கு மேல். அந்தப் பெயர்களை நம்மில் எத்தனை பேர் கள்ளக்கடத்தலோடு சேர்த்துச் சொல்கிறோம்?

அத்தான் மிச்சப் பெட்டிகளைக் குப்பையில் போட்டார். காசு போனது போனதுதான். குழுவில் அந்த இணைப்பு இன்னும் இருக்கிறது, வேறு குழுக்களிலும் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்தால் அனுப்பியவரிடம் கேளுங்கள்: இதைச் செய்தவர்கள் யார், எந்த ஊர்?