அந்த நாடகங்களின் அப்பாக்கள்

எலிசபெத் காலத்துச் சோக நாடகங்களில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் வில்லன்களைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு வில்லன்கள்மீது பெரிய புகார் கிடையாது. வந்த வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அப்பாக்கள்மீதுதான்.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்’ படித்தபோது தொடங்கியது இது. 1594இல் அச்சான நாடகம். ரோமானியத் தளபதி டைட்டஸின் மகள் லவீனியா. பேரரசியின் மகன்கள் இருவர் அவளைக் காட்டில் சீரழித்துவிட்டு, சொல்லிவிடக் கூடாது என்று நாக்கை அறுக்கிறார்கள், எழுதிவிடக் கூடாது என்று கைகளையும் வெட்டுகிறார்கள். அவள் அசரவில்லை. கோலை வாயில் கவ்வி மணலில் அவர்கள் பெயரை எழுதிக் காட்டுகிறாள். இத்தனைக்கும் பிறகு, கடைசிக் காட்சியில், விருந்தினர் கண்முன்னே அவளைக் கொல்வது பெற்ற அப்பன். “செத்துப்போ லவீனியா, உன் அவமானமும் உன்னோடு சாகட்டும், அதோடு உன் தகப்பனின் துயரமும் சாகட்டும்” என்கிறான்.

எங்களுக்குப் பாடம் நடத்தியவர் இதைத் ‘தந்தையின் தியாகம்’ என்று விளக்கினார். நானும் குறித்துக்கொண்டேன். தேர்விலும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினேன். இன்றைக்கும் உறுத்துகிறது. இதற்குத் தமிழில் ஆணவக்கொலை என்று பெயர். அந்த வசனத்தின் பின்பாதியை மறுபடி படியுங்கள். தீர வேண்டியது யாருடைய துயரம்?

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் ‘மால்டாவின் யூதன்’ இன்னும் மோசம். பராபஸ் தன் மகள் அபிகெயிலைத் தூண்டில் புழுவாக்கி, அவளை விரும்பிய இரண்டு இளைஞர்களையும் ஒருவரை ஒருவர் குத்திச் சாகவைக்கிறான். அதில் ஒருவன் அவளும் விரும்பியவன். உண்மை தெரிந்து அவள் கன்னிமாடத்தில் சேர்ந்ததும், அவளைத் தீர்த்துக்கட்ட நஞ்சு கலந்த அரிசிக் கஞ்சியை அனுப்பி மடத்தையே காலி செய்கிறான். “நான் கிறிஸ்தவளாகச் சாகிறேன், நீங்களே சாட்சி” என்று பாதிரியாரிடம் சொல்லி உயிரை விடுகிறாள் அந்தப் பெண். “ஆமாம், கன்னியாகவும்தான்; எனக்கு அதுதான் பெரிய வருத்தம்” என்கிறார் அவர். அரங்கம் சிரிப்பதற்காக எழுதிய வரி.

பராபஸ் யூதன் என்பதால் அரக்கனாக்கப்பட்டவன். அந்த வெறுப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சரி, கிறிஸ்தவ அப்பாக்கள் மட்டும் ஒழுங்கா? ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் ஜூலியட்டின் அப்பா கபுலெட் எவ்வளவு நல்லவர்! அவள் சம்மதம்தான் முக்கியம், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்கிறார். நாடகக் கணக்கில் ஒரே நாள் கழிகிறது. திங்கட்கிழமை இரவு பேச்சு, வியாழக்கிழமை கல்யாணம். மகள் மறுத்ததும், “தூக்கில் தொங்கு, பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் செத்துப்போ” என்கிறார் அதே மனிதர். அவளுக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை.

“அந்தக் காலத்தில் அப்படித்தான்” என்று யாராவது கருத்திடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைய இங்கிலாந்தில் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கே அப்போது 26 வயது. அவர் கதையை எடுத்த 1562ஆம் ஆண்டுக் கவிதையில் ஜூலியட்டுக்கு ஏறக்குறைய பதினாறு. வயதைக் குறைத்தது அவர் காலமல்ல, அவரே.

‘ஹாம்லெட்’டில் ஒஃபீலியாவின் அப்பா பொலோனியஸுக்கு இரண்டு வரி போதும். மகளை ஹாம்லெட்டின் முன் அவிழ்த்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறவர். அவர் செத்த பிறகுதான், அதுவும் பித்துப்பிடித்த பிறகுதான், ஒஃபீலியா மனத்தில் கிடந்ததைப் பாடுகிறாள்.

நாட்டை ஆண்டதே ஒரு பெண்தானே என்பார்கள். ஆண்டார் முதலாம் எலிசபெத், 1558 முதல் 1603 வரை. ஆனால் அந்த ராணியின் நாட்டு மேடையில் லவீனியாவாக நின்றவன்கூட ஒரு பையன்தான். பெண் நடிகை தொழில்முறை மேடை ஏற 1660 ஆகிவிட்டது. ராணியின் கதைதான் என்ன? மூன்று வயது நிரம்புவதற்குள் அவருடைய அம்மாவின் தலையை வெட்டவைத்தவர் அவருடைய அப்பா. அந்த அப்பா செத்துப் பதினோரு ஆண்டு கழித்து அரியணை ஏறினார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

மறுபடி டைட்டஸிடம் வருகிறேன். நடுவில் ஒரு காட்சி உண்டு, 1623 பதிப்பில்தான் முதலில் அச்சானது. நீ கண் சிமிட்டினாலும், தலையசைத்தாலும், மண்டியிட்டாலும் அதிலிருந்தே ஓர் அரிச்சுவடியைப் பிடுங்கி உன் மனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுக்கிறான் டைட்டஸ். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். கடைசிக் காட்சியில், அவளைக் கொல்வதற்குச் சற்று முன்னால், தன் மகளைக் கொன்ற பழைய ரோமானியத் தகப்பன் ஒருவனைக் குறிப்பிட்டு, அவன் செய்தது சரிதானா என்று கேட்கிறான். கேட்டது பேரரசனிடம். லவீனியா அங்கேதான் நிற்கிறாள், முகத்தில் திரை போட்டபடி.