விலை பேசுவது கடைசியில்தான்

அமெரிக்க ராணுவத் தளங்களின் அபாயக் கழிவுப் பணி 'குறைந்த விலை கேட்டவருக்கே' போகிறது என்று ஒரு கட்டுரை சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கழிவு டிரம்களை அள்ளிச் செல்லும் ஒப்பந்தத்துக்கு விலைப் போட்டி உண்டு. ஆனால் ஆய்வு, வடிவமைப்பு போன்ற பொறியியல் பணிகள் 1972இன் புரூக்ஸ் சட்டம் என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வரும். அதன்படி முதலில் பார்ப்பது தகுதி மட்டுமே. குறைந்தது மூன்று நிறுவனங்களோடு பேசித் தரவரிசை போட்டு, முதலிடத்தாரோடு மட்டும் கட்டணம் பேசுவார்கள். படியாவிட்டால் அந்தப் பேச்சை முறையாக முடித்துவிட்டு அடுத்தவர்.

நிறுவனங்களின் தகுதி விவரம் எஸ்எஃப் 330 என்ற அமெரிக்க அரசுப் படிவத்தில் போகும். பலர் சறுக்குவது அதன் ஜி பிரிவில்: முக்கியப் பணியாளர்கள் நிறுவனம் எடுத்துக்காட்டாகக் காட்டும் எந்தெந்தத் திட்டங்களில் வேலை பார்த்தார்கள் என்ற கட்டம் அது. பளபளப்பான 10 திட்டங்களைக் காட்டிவிட்டு, அவற்றில் கால்வைக்காத ஆட்களை முன்மொழிந்தால் அங்கே வெற்றுக் கட்டங்கள் பல்லிளிக்கும்.

இன்னொன்று: ஆலோசகரை அமர்த்தினாலும் கழிவை உண்டாக்கியவர் என்ற சட்டப் பொறுப்பு தளத்தைவிட்டுப் போகாது. மாதம் 1,000 கிலோவோ அதற்கு மேலோ அபாயக் கழிவை உண்டாக்கும் தளம், அனுமதி இல்லாமல் 90 நாளுக்கு மேல் அதை வைத்திருக்க முடியாது. சேமிப்பு தொடங்கிய தேதியை டிரம்மில் எழுதாமல் விட்டால் அந்த 90 நாளை எதை வைத்து நிரூபிப்பது? ஒப்பந்தத்தின் பணி விவரத்தில், கழிவோடு கூடவே போகும் மேனிஃபெஸ்ட் என்ற ஆவணத்தில் யார் கையெழுத்திடுவது என்பதையும் எழுதிவிட வேண்டும்.