விரல் இல்லைங்கிறதுதான் விஷயமே

எம்பொண்ணு போட்டிக்குச் செஞ்ச மாடலோட படங்களை நேத்து ராத்திரி போட்டிருந்தேன். கிழிஞ்ச குடைத்துணியில றெக்கை, காகிதக்கூழ்ல நீளமான அலகு, தலையில மான்கொம்பு மாதிரி ரெண்டா பிரியற கொண்டை. பக்கத்துல மார்க் ஷீட்டு, சிவப்பு மையில "முழுமையடையவில்லை". அப்போ கோபத்துல ரெண்டு வரிதான் எழுதினேன். கீழ நீங்க கேட்டதுக்கும் சேத்து இன்னிக்கு முழுசா சொல்லிடறேன்.

அது நிக்டோசாரஸ், டைனோசர் காலத்துல பறந்த டெரோசார்ங்கிற ஊர்வனத்துல ஒரு வகை. நடுவர் தேடின விரல் அதுக்குக் கிடையாது.

டெரோசார்களுக்குப் பொதுவா றெக்கை மடியற இடத்துல நகத்தோட மூணு குட்டி விரல் இருக்கும். நாலாவது விரல் மட்டும் நீண்டுபோய் றெக்கையைத் தாங்கும். நிக்டோசாரஸ் அந்த மூணையும் இழந்துட்ட ஜாதி. மிச்சம் இருந்தது றெக்கை விரல் ஒண்ணுதான். அதனால தரையில நடக்கவே சிரமப்பட்டிருக்கும், பெரும்பாலும் கடலுக்கு மேல பறந்துக்கிட்டேதான் இருந்திருக்கும்னு சொல்றாங்க. எம்பொண்ணு பழைய குடைக்கம்பியைப் பிரிச்சு, றெக்கைக்கு ஒண்ணுன்னு கட்டினதும் அதனாலதான். அவ எதையும் விட்டுடல. இல்லாததை இல்லாமலே செஞ்சிருக்கா.

நடுவர் றெக்கை மடிப்பைத் தொட்டுப் பாத்து, "விரல் எங்கம்மா, பாதியிலேயே விட்டுட்டியா?"ன்னு கேட்டார். "இதுக்குக் கிடையாது சார்"னா. "எதிர்த்துப் பேசக் கூடாது"ன்னுட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டார். ஒன்பது வயசுப் பிள்ளை பதில் சொன்னா எதிர்த்துப் பேசறதா?

"அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணுமா"ன்னு கேக்கறீங்க. வேண்டாம். எனக்கே போன மாசம் வரைக்கும் தெரியாது. ஆனா "உனக்கு எப்படித் தெரியும்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவளே கொட்டியிருப்பா. எட்டரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி வட அமெரிக்காவை ரெண்டா பிரிச்சுக்கிட்டு ஒரு கடல் கிடந்ததை, அது வத்தின இடத்துல அமெரிக்காவோட கான்சஸ் மாநிலச் சுண்ணாம்புப் பாறையில இந்த எலும்புகள் கிடைச்சதை, 1876-ல மார்ஷ்ங்கிற ஆராய்ச்சியாளர் இதுக்குப் பேர் வெச்சதை. றெக்கை விரிச்சா ரெண்டு மீட்டர்தான், பல்லே இல்லாத கூர் அலகால மீன் பிடிச்சுத் தின்னதுன்னு கையை விரிச்சுக் காட்டியிருப்பா. அந்தக் கொண்டை இருந்ததே 2003-ல பென்னட்ங்கிற ஆராய்ச்சியாளர் விவரிச்ச எலும்புக்கூடுகள்லதான் தெரிய வந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல கொண்டையில்லாததுன்னு நெனச்சவங்க, எலும்பைப் பாத்ததும் மாத்திக்கிட்டாங்க. இந்த நடுவருக்கு ஒரு நிமிஷம் நின்னு கேக்க முடியல.

"டைனோசருக்குப் போய் இவ்வளவா"ன்னு ஒருத்தர். அது டைனோசரே இல்லைங்க. பங்காளி வகை. அவ்வளவுதான் சொல்வேன்.

"தோத்ததுக்கு அம்மா அழறா"ன்னு இன்னொருத்தர். ஆமா, அழுதேன். பரிசுக்காக இல்ல. ஆறாவது படிக்கறப்போ "திமிங்கலம் மீன் இல்ல டீச்சர், குட்டிக்குப் பால் குடுக்கும்"னு சொன்னேன். வகுப்பே சிரிச்சுது, பீரியட் முடியற வரைக்கும் முட்டி போட வெச்சாங்க. அதுக்கப்புறம் காலேஜ் முடியற வரைக்கும் நான் கை தூக்கினதே இல்ல. தெரிஞ்ச பதிலுக்கும் தூக்கல. அது என்ன மாதிரி ஊமைத்தனம்னு எனக்குத் தெரியும். அதை அவளுக்கு யாரும் பழக்கக் கூடாது.

"நீங்களே செஞ்சு குடுத்திருப்பீங்க"ங்கிறவங்களுக்குப் பதில் சொல்லப் போறதில்ல. அவ உள்ளங்கையில குடைக்கம்பி கீறின காயம் இன்னும் ஆறல.

திரும்பவும் சொல்றேன், அதுக்கு விரல் கிடையாது. அவ சரியாத்தான் செஞ்சா.

இன்னிக்குக் காலையில கூடத்துல விளக்கைப் போட்டுப் பாக்கறேன், ரெண்டு றெக்கை மடிப்புலயும் மூணு மூணு ஈர்க்குச்சி ஒட்டியிருக்கு. நுனியை நகம் மாதிரி சீவி வெச்சிருக்கா. ஏன்டீன்னு கேட்டேன். "வீட்டுக்கு வர்றவங்களும் கேப்பாங்கம்மா"ன்னுட்டுப் பல் தேய்க்கப் போயிட்டா. தொட்டுப் பாத்தேன், பசை இன்னும் காயல.