கொடியில் காயும் மூஞ்சி

மாமா: மாப்பிள்ளை, கொடியில் ஏதோ ஒரு மூஞ்சி காய்கிறதே, யாருடையது?

மாப்பிள்ளை: என்னுடையதுதான் மாமா. தூங்கும்போது மூக்கில் காற்று ஊதும் சிபாப் மிஷினின் மாஸ்க். தினமும் காலையில் கழுவிக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முகத்து எண்ணெய் ஒட்டி, சிலிக்கான் விளிம்பு வழுக்கும். ராத்திரி காற்று கண்ணில் அடிக்கும்.

மாமா: ராத்திரி இதை மாட்டிக்கொண்டா படுக்கிறீர்கள்? உடம்புக்கு என்ன? என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மாப்பிள்ளை: ஸ்லீப் ஆப்னியா மாமா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும்.

மாமா: நின்றுபோனால் அப்புறம் எதற்கு மிஷின்?

மாப்பிள்ளை: ஒரேயடியாக நிற்காது. 10 வினாடி, 20 வினாடி, சில நேரம் அதற்கும் மேலே. டெஸ்டில் எனக்கு மணிக்கு 38 தடவை வந்தது. 5க்குக் கீழே என்றால் நார்மல். 30 தாண்டினால் தீவிரம்.

மாமா: 38 தடவையா! உட்கார்ந்து எண்ணியது யார்?

மாப்பிள்ளை: கம்ப்யூட்டர். தலையிலும் கண்ணோரத்திலும் வயரை ஒட்டி, நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட் கட்டி, விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டிவிட்டு, "வழக்கம்போல் தூங்குங்கள் சார்" என்றார் டெக்னீஷியன்.

மாமா: அவ்வளவு வயரோடு எப்படித் தூக்கம் வரும்?

மாப்பிள்ளை: எங்களைப் போன்றவர்களுக்கு வரும் மாமா. அதுதானே வியாதி.

மாமா: நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தலையைச் சாய்த்தால் போதும், குறட்டை விட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

மாப்பிள்ளை: நேற்று ராத்திரி கேட்டோம். குறட்டைகூடப் பரவாயில்லை மாமா, அது நின்ற இடம்தான் பயமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து அடுத்த குறட்டைக்குக் காத்திருந்தோம்.

மாமா: வந்ததா?

மாப்பிள்ளை: வந்தது. ஜன்னல் ஆடியது.

மாமா: அது ஏன் நடுவில் நிற்கிறது?

மாப்பிள்ளை: தூங்கும்போது தொண்டைத் தசை தளரும். ஈரமான பேப்பர் ஸ்ட்ராவை உறிஞ்சினால் உள்ளே ஒட்டிக்கொள்ளுமே, அப்படி மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்பும், தொண்டை திறக்கும், மறுபடி தூங்குவீர்கள். ராத்திரி முழுக்க இதே கூத்து. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஆனால் இதயத்துக்கு ஓய்வே இல்லை. பிபி ஏறும், ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டி வரும்...

மாமா: பாத்ரூம் போவதற்கும் இதுவா காரணம்? நான் தண்ணீரைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

மாப்பிள்ளை: இதுவாகவும் இருக்கலாம். பகலில் எவ்வளவு தூக்கம் சொக்குகிறது என்று பார்க்க டாக்டர்கள் 8 கேள்வி கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். டிவி பார்க்கும்போது கண் சொக்குமா?

மாமா: டிவி வாங்குவதே அதற்குத்தானே. மூன்று போடுங்கள்.

மாப்பிள்ளை: சிக்னலில் கார் நிற்கும்போது?

மாமா: பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்களே, எழுப்பத்தானே?

மாப்பிள்ளை: மாமா! இனிமேல் சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். சரி, உட்கார்ந்து ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது?... மாமா?... மாமா!

மாமா: ஹா... கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்ட்ரா வரைக்கும் வந்தோம்.

மாப்பிள்ளை: இதற்கும் மூன்று. மொத்தத்தில் 10ஐத் தாண்டினாலே டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

மாமா: பார்த்தால் இந்த மூஞ்சியைக் கொடுப்பார்கள். இது ஆக்சிஜன் தானே?

மாப்பிள்ளை: இல்லை, நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். கொஞ்சம் அழுத்தத்தோடு விடாமல் வரும், தொண்டை ஒட்டாது. 1981இல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இதை உலகத்துக்குச் சொன்னார். வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் ஆரம்பித்தாராம்.

மாமா: நல்லவேளை, உறிஞ்சும் பக்கத்தை மாட்டவில்லை. ஒரு மாத்திரையில் முடியாதா?

மாப்பிள்ளை: தூக்க மாத்திரை போட்டால் தொண்டை இன்னும் தளரும். குடியும் அப்படித்தான். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தால் சிலருக்குக் குறையும். லேசாக இருந்தால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்செட் மாதிரி ஒன்று உண்டு. டான்சில் பெரிதாக இருந்தால் ஆபரேஷன். குண்டாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் நல்ல பலன். பருமனோடு ஆப்னியாவும் மிதமாகவோ கடுமையாகவோ இருப்பவர்களுக்கு டிர்செபடைட் என்று ஓர் ஊசி, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள்.

மாமா: ஊசியா? மூஞ்சியே இருக்கட்டும். பழகக் கஷ்டமோ?

மாப்பிள்ளை: முதலில் எரிச்சலாக இருந்தது. தூக்கத்தில் நானே கழற்றி வீசியிருக்கிறேன். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகச் சொன்னார்கள். மாஸ்க் சைஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது காலைத் தலைவலி இல்லை, ஆபீஸ் மீட்டிங்கில் விழித்திருக்கிறேன். அதில் மட்டும்தான் நஷ்டம்.

மாமா: சரி, டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் அத்தைக்கு மட்டும் தெரியக்கூடாது. தன்னால்தான் நடந்தது என்று பேர் வாங்கிக்கொள்வாள்.

மாப்பிள்ளை: அத்தைதான் மாமா தேதி வாங்கச் சொன்னார். நாளை ராத்திரி உங்களுக்கு டெஸ்ட்.

மாமா: அடப்பாவமே! பேத்தி பார்க்க ஆசைப்படுகிறாள் என்றல்லவா வரச் சொன்னீர்கள்?

மாப்பிள்ளை: அதுவும் உண்மைதான் மாமா. தாத்தா கதை சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு முன்னால் தாத்தா தூங்கிவிடுகிறாராம். ராஜா காட்டுக்குப் போனாரே, திரும்பி வந்தாரா இல்லையா என்று எங்களை நச்சரிக்கிறாள்.