சுவரில் குத்தினால் கை இரும்பாகுமா?

"தினமும் சுவரில் குத்துங்கள், நரம்பு மரத்து எலும்பு இரும்பாகிவிடும்" என்று ஒரு வீடியோ சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

அளவான அடியில் தோல் தடிக்கும், எலும்பும் மெல்ல வலுப்படும், சரி. ஆனால் அதற்கு மாதக்கணக்காகும், நடுவே ஓய்வும் வேண்டும். ஜப்பானின் ஒகினாவா தீவுக் கராத்தேயில் குத்திப் பழகும் மகிவாரா பலகையைப் பாருங்கள்: குத்தினால் பின்னால் வளைந்துகொடுக்கும். சுவர் வளையாது, அடி முழுக்க விரல்முட்டியில் இறங்கும். அப்படிக் குத்தும்போது அடிக்கடி முறிவது சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கைக்குள் இருக்கும் மெல்லிய எலும்பு. குத்துச்சண்டை முறிவு என்றே அதைச் சொல்வார்கள்.

மரத்துப்போவது முன்னேற்றம் அல்ல, நரம்பு அடிபட்டதன் அறிகுறி. உடனே நிறுத்துங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியே வேண்டாம். அவர்கள் எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் முனைப்பகுதி, இன்னும் முழு எலும்பாகி மூடியிருக்காது, அடிபட்டால் விரல் கோணலாக வளரலாம்.