ஓம், ஐஸ் போட்டவருக்குத்தான் முதல் நன்றி

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். எங்கள் பிள்ளைகள் ஸ்கேற்றிங் சப்பாத்தோடு றிங்கில், அதாவது ஐஸ் தளத்தில், ஆடிய ஐந்திணை நிகழ்ச்சிக்கு நான் போட்ட நன்றிப் பதிவில், அந்தத் தளத்துக்கு ஐஸ் போட்ட றிங்க் ஊழியரை முதலில் வைத்து, அனுசரணையாளரைப் பின்னால் போட்டது பிழையாம். உள்பெட்டியில் வந்தது போதாதென்று, நேற்று ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் என் நன்றிப் பதிவைப் படம் பிடித்து, சிவப்புக் கோடு கீறிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். ஆகவே திரும்பவும் சொல்கிறேன். ஓம், முதல் நன்றி ஐஸ் போட்டவருக்குத்தான். அனுசரணையாளர் பெயர்கள் ஏழாவது வரியில் வந்ததும் தற்செயல் இல்லை.

விளக்கு விஷயத்தைத் திரும்பக் கிண்ட எனக்கு விருப்பமில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் உப்புப் புளி போட்டுச் சொல்லியிருப்பார்கள். ஒன்று மட்டும். எண்ணெய் சிந்திய ஐஸில் சப்பாத்தின் அடியில் இருக்கிற பிளேட் பிடிக்காது. பிரதம விருந்தினர் கம்பளத்தில் நடந்துபோய் நடுவில் குத்துவிளக்கு ஏற்றினால், பத்து நிமிடத்தில் அதே இடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒற்றைக் காலில் சுழல வேண்டும். அதனால்தான் ஐஸ் போட்ட அந்த மனிதர் மறித்தார். விளக்கை வாசலில் ஏற்றினோம். அணையாமல் எரிந்தது. படமும் நிறைய எடுத்தீர்கள்.

"ஒரு துப்புரவு வேலைக்காரருக்கு இவ்வளவு பெரிய நன்றியா ரீச்சர்?" என்று கேட்ட அண்ணைக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஹொக்கிக்கு ஐஸ் கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். மைனஸ் 9 பாகையை ஒட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு மைனஸ் 3, 4 போதும். ஐஸ் கொஞ்சம் இளகினால்தான் பிளேட்டின் விளிம்பு உள்ளே இறங்கிப் பிடிக்கும், வளைவு வரும். இறுகிய ஐஸில் குதித்து இறங்கினால் சில்லுச் சில்லாகச் சிதறும். எங்கள் நிகழ்ச்சிக்கு முதல்நாள் இரவு பதினொரு மணிவரை அங்கே ஹொக்கி. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராக விடிய நாலு மணிக்கு வந்து, குளிரைக் குறைத்து, மேல் தோலைச் சீவி, சுடுதண்ணீர் விட்டுப் புது ஐஸ் போட்டார். ஓம், சுடுதண்ணீர்தான். பழைய கீறல்களின் ஓரத்தை உருக்கிக்கொண்டு ஒன்றாக இறுகுவதற்கு அதுதான் வேண்டும். பத்து வருடம் றிங்க் வாசலில் கோப்பிக் கோப்பையோடு நின்ற எனக்கே இது இந்த வருடம்தான் தெரியும்.

ஐஸைச் சீவித் தண்ணீர் விட அவர் ஓட்டுகிற அந்த இயந்திரத்தை ஃபிராங்க் சம்போனி என்பவர் 1949இல் கலிபோர்னியாவில் செய்தார். அடுத்த வருடமே தன் ஐஸ் காட்சிகளுக்கு ஒன்று வாங்கியவர் சோன்யா ஹெனி. ஸ்கேற்றிங்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்த பெண். ஐஸ் சரியில்லாவிட்டால் தான் ஒன்றுமில்லை என்பது அந்த நட்சத்திரத்துக்கு விளங்கியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கவில்லை.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத ஒன்று. ஐந்திணையை ஐஸில் கொண்டுவரும்போது எனக்கு இருந்த பெரிய குறை சத்தம். ஐஸில் தட்டடவு போட முடியாது, தட்டினால் விழ வேண்டியதுதான். பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள், வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊமைப்படம் மாதிரி. அதனால் பிடிவாதமாக ஒத்திகையில் நெய்தல் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கு மேலே சலங்கை கட்டிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பெரிய விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு டோர்ச்சை ஐஸோடு படுக்கவைத்துச் சரிவாக அடித்தபடி குனிந்து நடந்தார். ஹொக்கிக்குப் போட்ட நீலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு கீறலுக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு மணி பாதி புதைந்து கிடந்தது. நகத்தால் கிளப்பி என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று ஈரமாக இருந்தது. "இது ஒரு பிள்ளையின் முழங்கால்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவே எல்லாச் சலங்கையையும் கழற்றினேன். நீங்கள் கேட்டுக் கைதட்டிய சத்தம் பதிவு செய்து போட்டது.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். சப்பாத்துப் போட்டு ஆடுவது பரதத்துக்கு இழுக்காம். முதலில், அது பரதமென்று நான் எங்கே சொன்னேன்? அடுத்தது, வெறுங்காலோடு ஐஸில் வந்து ஒரு நிமிடம் நின்று காட்டுங்கள், பிறகு கதைப்போம். ஸ்கேற்றிங் வெறும் விளையாட்டு, அதற்கு நாட்டியம் அமைத்தேன் என்று பெருமை எதற்கு என்று இன்னொருவர். 1976இல் இன்ஸ்புரூக் ஒலிம்பிக்கில் ஸ்கேற்றிங் தங்கம் எடுத்த ஜோன் கறி, பதக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. கம்பனி சேர்த்து, பாலே நடன அமைப்பாளர்களைக் கூப்பிட்டு ஐஸில் அமைக்க வைத்தார். 1984இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் ஒபரா மேடையிலேயே ஐஸ் போட்டு ஆடினார்கள். தெரியாவிட்டால் தேடிப் படியுங்கள்.

அனுசரணையாளர் காசு தராவிட்டால் ஐஸ் ஏது என்கிறீர்கள். நியாயம். றிங்க் வாடகை மணிக்கணக்கில் ஏறும், அவர்கள் இல்லாமல் முடியாது. அதனால்தான் பெயரைப் போட்டேன். பதாகையில் போட்டேன், பிரசுரத்தில் போட்டேன், இடைவேளையில் இரண்டு தரம் வாசித்தார்கள். இன்னும் எங்கே போட?

குருவை மறந்துவிட்டாள் என்று எழுதியவருக்குப் பதில் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன். அவரோடு தொலைபேசியில் கதைத்தாயிற்று.

ஆடுவதற்கு முன் நிலத்தைத் தொட்டுக் கும்பிடத்தானே எங்களுக்குப் பழக்கினார்கள்? பிள்ளைகளும் அன்றைக்குக் கையுறையைக் கழற்றி ஐஸைத் தொட்டுத்தான் கும்பிட்டார்கள். நீங்களே அதைக் காணொளி எடுத்து "புல்லரிக்கிறது" என்று போட்டீர்கள். ஐஸைக் கும்பிடலாமாம், போட்டவருக்கு நன்றி சொல்லக்கூடாதாம்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நடனம் அமைத்தேன். சம்பளம் இல்லை, கேட்டதும் இல்லை. ஒவ்வொரு நன்றியுரையையும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன், வாயில் நாலு ஊசியோடு, யாரோ ஒரு பிள்ளையின் தாவணியைப் பிடித்தபடி. மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் வரும். கடைசியில் "மற்றும் பிள்ளைகளைப் பழக்கிய அனைவருக்கும்". ஒருமுறை அந்த "மற்றும்" கூட விடுபட்டுவிட்டது. கோபமில்லை என்று அப்போது சொன்னேன். பொய். அதனால்தான் இந்த முறை மைக் என் கைக்கு வந்ததும் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இத்தனை சண்டைக்கும் காரணமான மனிதர் முகநூலில் இல்லை, தமிழும் வாசிக்கமாட்டார். திங்கட்கிழமை றிங்குக்குப் போனபோது, உங்களுக்கு முதல் நன்றி சொன்னேன் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே பாலை உடுப்பிலிருந்து உதிர்ந்த மினுக்கிகள். இரண்டு நாளாகப் பொறுக்குகிறாராம், இன்னும் முடியவில்லையாம்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருடம் பாலைக்கு மினுக்கி இல்லை, பெற்றோர் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.