நம்பாதவர்கள் பார்க்கும் சகுனம்

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் எதற்கும் இருக்கட்டுமே" என்று சொல்லிக்கொண்டே, பூனை குறுக்கே போனதற்காக வாசலில் நின்றுவிடும் படித்த மனிதர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற எரிச்சல், மனதார நம்புகிறவர்களைப் பார்த்தால் வருவதில்லை. நம்புகிறவரிடமாவது வாதிடலாம். நம்பவில்லை என்று முதலிலேயே கைகழுவிவிட்டு அதையே செய்கிறவரிடம் எதை வைத்து வாதிடுவது?

இந்தப் பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு விளக்கம் இல்லாமல் இல்லை. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி ஏற்பாடு செய்து, அதில் கண்டதை 1948-இல் வெளியிட்டார். ஒரு புறா சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று கூண்டின் மேல் மூலையை நோக்கித் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே அவை விடாமல் பிடித்துக்கொண்டன என்றார் அவர். (அந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தது தனிக் கதை.) புறாவுக்காவது, நம்பிக்கை இல்லை என்று பெருமை பேசத் தெரியாது.

அச்சமும் ஒரு காரணம்தான். பசிபிக் பகுதியில் உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதுவும் செய்யாத மக்கள், ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவாகச் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். உயிரைப் பணயம் வைக்கிறவரின் அந்த நடுக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக்கூட நல்ல நேரம் பார்க்கிறவர் எந்தக் கடலில் தத்தளிக்கிறார்?

காரியம் பலித்தால் சகுனத்துக்குப் புகழ். பலிக்காவிட்டால் "பார்த்துச் செய்ததால்தான் இதோடு போயிற்று" என்ற சமாதானம். பலித்ததைக் கணக்கில் வைத்து, பலிக்காததை மறந்துவிடும் இந்தப் புத்தியை ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1620-இலேயே கண்டித்து எழுதிவிட்டார். நாம் இன்னும் அதே கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு, "செய்வதால் என்ன நஷ்டம்?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள், அங்கேதான் என் பொறுமை தீர்ந்துபோகிறது. ஜப்பானின் பழைய நாட்காட்டிக் கணக்கில் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு 1966-இல் வந்தது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற நம்பிக்கையால், முந்தைய ஆண்டில் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்புகள் சுமார் 13.6 லட்சமாகச் சரிந்தன. அடுத்த ஆண்டே மீண்டும் ஏறிக்கொண்டன. தொழில்வளத்தில் உலகமே வியந்து பார்த்த நாட்டில் நடந்தது இது. அத்தனை பெற்றோரும் அதை உண்மையென்று நம்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் நம்பிவிடுவார்களோ என்று பயந்திருந்தாலே போதும். அப்படி வரப்போகிறவர்களும், எங்களுக்கு நம்பிக்கை இல்லை, ஊர் என்ன சொல்லுமோ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ராசியில்லாதவர் என்று ஒருவரை நல்ல காரியத்தில் ஒதுக்கி நிறுத்துகிறவர்களும் இதே சமாதானத்தைத்தான் சொல்கிறார்கள். செய்வதால் நஷ்டம் இல்லையாம். யாருக்கு இல்லை? ஒதுங்கி நிற்கிறவரிடம் போய் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.